உறைபனியில் மண்புழு: தொட்டியையும் தோட்டத்தையும் குளிர்காலம் தாண்டவைப்பது எப்படி

டொராண்டோவில் ஜனவரி மாதம் தோட்டத்து மண்ணில் மண்வெட்டியைப் போட்டால் கணீரென்று சத்தம்தான் வரும். ஏப்ரலில் முதல் வெதுவெதுப்பான மழை பெய்த மறுநாள் காலை, நடைபாதை முழுக்க மண்புழு நெளியும். இடையில் அவை எங்கே இருந்தன என்பது தெரிந்தால், உங்கள் மண்புழு உரத் தொட்டிக்கு அக்டோபரில் என்ன செய்யவேண்டும் என்பதும் தெரிந்துவிடும். தெரியாமல் தொட்டியைப் போர்வையால் சுற்றி, பல்பு எரியவிட்டு, வசந்தத்தில் மூடியைத் திறந்து மூக்கைப் பொத்திக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

குளிர் வேறு, பனிக்கட்டி வேறு. 4 டிகிரி செல்சியஸில் மண்புழு மந்தமாகும், தின்பதைக் குறைக்கும், அவ்வளவுதான். கனடாவில் மீன்பிடித் தூண்டிலுக்கு விற்கும் புழுவைக் கடைக்காரர்கள் குளிர்பெட்டியில்தான் வைத்திருக்கிறார்கள். உடம்புக்குள் பனிக்கட்டி உண்டானால்தான் ஆபத்து. மண்புழுவின் உடம்பில் ஐந்தில் நான்கு பங்குக்குமேல் தண்ணீர். தோலும் எப்போதும் ஈரம். பக்கத்து மண்ணில் உருவாகும் பனிப்படிகம் அந்த ஈரத் தோலைத் தொட்டால் போதும், உறைவு உள்ளே பரவிவிடும். அதனால் உங்கள் வேலை புழுவுக்குச் சூடு காட்டுவதல்ல. பனிக்கட்டி எட்டாத ஓர் இடம் படுக்கைக்குள் எப்போதும் இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான்.

புழுக்கள் தாங்களே செய்வது

எல்லா மண்புழுவும் ஒரே மாதிரி தப்பிப்பதில்லை.

நைட்கிராலர் என்று அங்கே அழைக்கப்படும் பெரிய புழு (லம்பிரிகஸ் டெரஸ்ட்ரிஸ்) செங்குத்தாகக் குழி தோண்டி வாழ்வது. அதன் குழி 2 மீட்டர் ஆழம்கூடப் போகும். டொராண்டோவில் வீட்டு அஸ்திவாரம் உறைவு எட்டாதபடி 1.2 மீட்டர் கீழே போடவேண்டும் என்பது கட்டட விதி. அதாவது இந்தப் புழுவின் வீட்டுக்கு நம் வீட்டைவிட ஆழமான அஸ்திவாரம். மேல்மண் இறுகத் தொடங்கியதும் கீழே இறங்கிவிடும். அவ்வளவு ஆழம் போகாத தோட்டத்துப் புழுக்கள் மண் உறையும் ஆழத்துக்குக் கீழே சிறு அறை குடைந்து, உள்ளே சளி பூசி, முடிச்சுப்போலச் சுருண்டு கிடக்கும்.

உரத் தொட்டியில் நாம் வளர்க்கும் சிவப்புப் புழு (ஐசினியா ஃபெடிடா) இதில் சேராது. அது இலைச்சருகிலும் சாணக்குவியலிலும் மேலாக வாழும் இனம்; ஆழக் குழி தோண்டத் தெரியாது. குவியலின் நடுவில் சூடு இருந்தால் அங்கே ஒதுங்கும், இல்லையென்றால் உறைந்து சாகும். ஆனால் சாவதற்கு முன் அது இட்டுவைத்த முட்டைக்கூடுகள் பிழைத்துக்கொள்ளும்.

அந்தக் கூட்டை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். 3, 4 மில்லிமீட்டர் நீளம், எலுமிச்சை வடிவம், இரண்டு முனையிலும் சிறு கூர். புதிதாக இட்டது வெளிர் மஞ்சள். குஞ்சு பொரிக்கும் சமயத்தில் செம்பழுப்பு. குளிர்நாட்டுக் காடுகளின் சருகில் வாழும் டென்ட்ரோபீனா ஆக்டேட்ரா என்ற சின்ன இனத்தின் கூட்டைக் கடுங்குளிரில் பார்த்தால் சுருங்கிக் குழிவிழுந்திருக்கும். செத்துவிட்டது என்று தூக்கிப் போடத் தோன்றும். உண்மையில் அது வற்றல் போடுகிற வேலை. சுற்றிலும் பனிக்கட்டி இருக்கும்போது, கூட்டுக்குள் இன்னும் உறையாமல் இருக்கும் தண்ணீரின் ஆவியழுத்தம் அதிகம், பனிக்கட்டியின் ஆவியழுத்தம் குறைவு. ஆகவே நீர் மெல்ல மெல்ல ஆவியாகி வெளியேறிப் பனிக்கட்டியில் போய் ஒட்டிக்கொள்கிறது. உள்ளே மிஞ்சுவது கெட்டியான கரைசல். உறைவதற்கு அங்கே தண்ணீரே இல்லை. வசந்தத்தில் ஈரம் கிடைத்ததும் கூடு மறுபடி உப்பிவிடும்.

மூன்றாவது வழி, உறைந்தே பிழைப்பது. அதே டென்ட்ரோபீனாவின் வளர்ந்த புழு இதில் தேர்ந்தது. டென்மார்க்கின் மார்ட்டின் ஹோல்ம்ஸ்ட்ரப்பும் அவருடன் வேலை செய்தவர்களும் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். உடம்பில் பனிக்கட்டி தொடங்கிய உடனே, சேமித்துவைத்த கிளைகோஜன் என்ற மாவுச்சத்தை இந்தப் புழு வேகவேகமாகக் குளுக்கோஸாக மாற்றுகிறது. பனிக்கட்டி செல்களுக்கு வெளியே உள்ள நீரில் நின்றுவிடுகிறது. செல்லுக்குள் சர்க்கரைக் கரைசல் இருப்பதால் அது உறையாமலும் அளவுக்கு மீறிச் சுருங்காமலும் தப்பிக்கிறது. ஃபின்லாந்தில் பிடித்த புழுக்கள் டென்மார்க் புழுக்களைவிடக் கூடுதல் குளிரைத் தாங்கின. சைபீரியாவின் ஐசினியா நோர்டென்ஸ்கியோல்டி இன்னும் ஒருபடி மேல்: மைனஸ் 30 டிகிரியில் உறைந்து கிடந்தும் எழுந்து வரும்.

இதைப் படித்துவிட்டு உங்கள் தொட்டிப் புழுவை ஃப்ரீஸரில் வைத்துப் பார்க்காதீர்கள். ஒன்று, அது அந்த இனமில்லை. இரண்டு, உறைவைத் தாங்கும் இனம்கூட மெதுவாகக் குளிர்ந்தால்தான் பிழைக்கும். சர்க்கரை தயாராக அவகாசம் வேண்டும். சில மணி நேரத்தில் சரேலென்று இறங்கும் குளிர் அதையும் கொன்றுவிடும். இந்த மெதுவாக என்ற சொல்தான் கீழே சொல்லும் எல்லா வேலைக்கும் அடிப்படை.

தொட்டியில் இருப்பது எந்தப் புழு?

உள்ளங்கையில் ஒன்றை எடுத்துப் பாருங்கள். சிவப்பில் மஞ்சள் வளையம் வரிவரியாக ஓடி, வால்நுனி மஞ்சளாக இருந்து, சீண்டினால் நாற்றமுள்ள மஞ்சள் திரவம் கசிந்தால் அது ஐசினியா ஃபெடிடா. வரி இல்லாமல் முழுச் சிவப்பாக இருந்தால் அதன் நெருங்கிய உறவான ஐசினியா ஆண்ட்ரி. இரண்டையும் ஒரே மாதிரி நடத்தலாம்.

தமிழ்நாட்டில் மண்புழு உரம் போட்டுப் பழகியவர்களுக்குத் தெரிந்த ஆப்பிரிக்கப் புழு (யூட்ரிலஸ் யூஜினியே) வேறு கதை. உருவம் பெரிது, முதுகில் ஊதா மினுக்கம், தின்னும் வேகமும் அதிகம். ஆனால் வெப்பநாட்டுப் பிராணி. 12 டிகிரிக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் சோர்ந்து சாகத் தொடங்கும். உறைவு வரை காத்திருக்க வேண்டியதே இல்லை. நம் ஊர் பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸும் குளிருக்குச் சொத்தைதான். இவற்றை வைத்திருந்தால் வெளியே வைக்கும் யோசனையையே விட்டுவிட்டு, உள்ளே வைப்பது பற்றிய பகுதிக்குப் போங்கள்.

புழு துள்ளுகிறதா, பாம்புபோல உதறி நெளிகிறதா, கழுத்துப்பட்டை வெண்மையாக உடலோடு தட்டையாகச் சுற்றி இருக்கிறதா? அது அமிந்தாஸ் பேரினத்து ஆசியப் புழுவாக இருக்கலாம். ஒன்டாரியோவிலும் இது பரவியிருக்கிறது. வளர்ந்தவை முதல் கடும்பனியிலேயே செத்துவிடும், முட்டைக்கூடு மண்ணில் தங்கி அடுத்த ஆண்டு பெருகும். அந்தத் தொட்டியின் உரத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள், செடி மாற்றும்போது மண்ணையும் கொடுக்காதீர்கள்.

வெளியே வைத்தே கடத்துவது

வேலை அதிகம், பலனும் அதிகம். இதில் தோற்பவர்களில் பெரும்பாலோர் அளவில்தான் தோற்கிறார்கள். 60 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியை என்ன சுற்றினாலும் மைனஸ் 15 டிகிரி இரவுகள் நான்கு வந்தால் நடுப்பகுதி வரை உறைந்துவிடும். போர்வை சூட்டை உண்டாக்காது, இருக்கும் சூட்டைத் தங்கவைக்கும், அவ்வளவே. சிறிய தொட்டியில் தங்கவைக்க எதுவும் இல்லை. குறைந்தது ஒரு கன மீட்டர் பொருள், அதுவும் அடிப்பக்கம் திறந்து நிலத்தோடு தொட்டுக்கொண்டு இருக்கவேண்டும். நிலம் கீழிருந்து கொடுக்கும் வெப்பம் மெல்லியதுதான், ஆனால் குளிர்காலம் முழுக்க நிற்காமல் வரும். சிமென்ட் தளத்தின்மேல் வைத்த குவியலுக்கு அது கிடைக்காது.

செப்டம்பர் கடைசியில் இடம் பாருங்கள். கூரைத்தண்ணீர் வடியாத, பள்ளமில்லாத இடம். முடிந்தால் வீட்டின் தெற்குச் சுவரோரம். ஒரு முழக் குழி தோண்டி 20 லிட்டர் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால் அந்தக் களிமண்ணில் குழி வேண்டாம். குவியலை முழுக்கத் தரைக்குமேலேயே எழுப்புங்கள். வடிந்திருந்தால் 1.2 மீட்டர் சதுரத்தில் 45 சென்டிமீட்டர் ஆழம் எடுக்கலாம்.

குழியின் அடியில் 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள கம்பிவலை. எலி கீழிருந்து குடைந்து வரும். வைக்கோல் சூடு என்றால் அதற்கும் பிடிக்கும். புழு இந்தக் கண்ணில் தாராளமாகப் போய்வரும். வலைக்குமேல் சுள்ளியும் காய்ந்த இலையும் 15 சென்டிமீட்டர், அதற்குமேல் இப்போதைய தொட்டியில் உள்ள எல்லாவற்றையும் புழுவோடு சேர்த்து 30 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்புங்கள். மேப்பிள் இலை கொட்டும் சமயம் இதற்குத் தோது. தோட்டக்கழிவுக்குத் தரும் பெரிய காகிதப் பையில் 12 முதல் 15 பை இலை தேவைப்படும், அமுங்கிவிடும் என்பதால் கணக்கில் கஞ்சத்தனம் வேண்டாம். முடிந்தால் புல்வெட்டும் இயந்திரத்தை இலைமேல் ஓட்டி நறுக்கிக்கொள்ளுங்கள். முழு இலை நனைந்தால் ஒன்றோடொன்று அப்பளக் கட்டுப்போல ஒட்டிக்கொண்டு காற்றை அடைத்துவிடும்.

நவம்பர் நடுவில் கடைசித் தீனி. பாதி மக்கிய குதிரைச்சாணம் 40 லிட்டர், காப்பித்தூள் சக்கை 10 லிட்டர், இரண்டுக்கும் ஈடாக ஊறவைத்துப் பிழிந்த அட்டைத் துண்டு. கலந்து குவியலின் ஒரு பாதியில் மட்டும் புதையுங்கள். மறு பாதியில் எதுவும் வேண்டாம். தீனி சில நாள் 40 டிகிரிக்குமேலும் சூடேறக்கூடும். புழு அப்போது மறுபக்கம் ஒதுங்கிக்கொண்டு, சூடு தணிந்ததும் திரும்பிவரும். முழுக்கப் பரப்பிவிட்டால் ஒதுங்க இடம் இராது, குளிருக்குப் பயந்து செய்த ஏற்பாடு வெந்துபோய் முடியும். பச்சைப் புல்லை மூட்டைமூட்டையாகப் போடுகிறவர்களுக்கு இதுதான் நடக்கிறது. சாணம் வாங்கும் இடத்தில் குதிரைக்கு எப்போது குடற்புழு மருந்து கொடுத்தார்கள் என்று கேளுங்கள். அண்மையில் கொடுத்திருந்தால் அந்தச் சாணம் வேண்டாம். ஐவர்மெக்டின் போன்ற மருந்தின் மிச்சம் சாணத்தில் தங்கி உங்கள் புழுவையும் தாக்கும்.

தீனிக்குமேல் காய்ந்த இலை 40 சென்டிமீட்டர். சுற்றிலும் வைக்கோல் கட்டு, அடுக்குக்கு 7 அல்லது 8 வீதம் இரண்டு அடுக்கு. மூலைகளில் இடைவெளி விழும். அங்கே தளர்ந்த வைக்கோலைத் திணியுங்கள், காற்று அந்த வழியாகத்தான் உள்ளே பாயும். எல்லாவற்றுக்கும்மேல் தார்ப்பாய், ஒரு பக்கம் சரிவாக. தார்ப்பாய் இலையோடு ஒட்டவேண்டாம், நடுவில் இரண்டு கட்டை வைத்துத் தூக்கிக் கட்டுங்கள். இறுக்கி மூடினால் உள்ளிருந்து எழும் ஆவி தார்ப்பாயின் அடியில் தண்ணீராகி, மறுபடி இலைமேலேயே சொட்டும்.

அதன்பிறகு தொடாமல் இருப்பதுதான் கடினம். 50 சென்டிமீட்டர் தண்டுள்ள கம்போஸ்ட் தெர்மாமீட்டர் ஒன்றைக் குத்திவைத்துவிட்டு, வாரம் ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். நடுவில் 5 முதல் 15 டிகிரி இருந்தால் எல்லாம் சரி. 4க்குக் கீழே போனால் தீனி போடவேண்டாம், புழு தின்னாது, போட்டது அப்படியே உறைந்து வசந்தத்தில் அழுகும். 2க்கு வந்தால் மேலே இன்னொரு அடுக்கு இலை அல்லது வைக்கோல் போடுங்கள், திறந்து கிளறாதீர்கள். ஒருமுறை கிளறினால் வாரக்கணக்கில் சேர்ந்த சூடு ஐந்து நிமிடத்தில் போய்விடும். 30 தாண்டினால் தார்ப்பாயைப் பாதி விலக்கிவிடலாம்.

பனி கொட்டினால் நல்லது. மேலே 25, 30 சென்டிமீட்டர் பொலபொலவென்று கிடக்கும் பனி அருமையான மெத்தை, அதைத் தட்டிவிட வேண்டாம். ஆனால் சாலையிலும் டிரைவ்வேயிலும் அள்ளிய பனியை மட்டும் அதன்மேல் கொட்டக்கூடாது. அதில் உப்பு இருக்கிறது. உப்பு மண்புழுவின் தோலில் பட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

பயப்படவேண்டிய மாதம் ஜனவரி என்று பலர் நினைக்கிறார்கள். பிப்ரவரி கடைசியும் மார்ச்சும் அதைவிட மோசம். இரண்டு நாள் 8 டிகிரி வெயில், மழை. பனி உருகி உள்ளே இறங்குகிறது. மூன்றாம் நாள் மைனஸ் 12. நீர் நிறைந்த படுக்கை மெதுவாகத்தான் உறையும் என்பது உண்மை. ஆனால் காற்று இருந்த துவாரமெல்லாம் நீர் புகுந்ததால் இலையின் போர்வைக் குணம் போய்விட்டது, மேல்பரப்பு ஒரே பாளமாக உறைந்ததும் கீழே காற்றும் நின்றுவிடும். பாளத்துக்குக் கீழே 3 டிகிரியில் சௌகரியமாக இருந்த புழுகூட மூச்சுத் திணறிச் சாகலாம். ஆகவே உருகும் நாள் வருவதற்கு முந்தைய மாலை தார்ப்பாயின் சரிவு சரியாக இருக்கிறதா, குவியலின் அடியிலிருந்து தண்ணீர் வெளியேறச் சிறு வாய்க்கால் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு மாலைப்பொழுது இரண்டு வைக்கோல் கட்டைவிட மதிப்புள்ளது.

மின்சாரச் சூடு? நாற்று வளர்ப்பதற்கான சூட்டுப் பாய் ஒன்றைத் தெர்மோஸ்டாட்டோடு 10 டிகிரிக்கு வைத்து, படுக்கையின் ஒரு பாதிக்கு அடியில் மட்டும் போடலாம். முழு அடியிலும் போட்டால் கீழ்ப்பகுதி காய்ந்துவிடும், மின்சாரம் நின்ற இரவில் புழுவெல்லாம் அந்தச் சூட்டை நம்பி அடியில் கூடியிருக்கும். வைக்கோலுக்குள் பல்பு எரியவிடும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்கும்.

உள்ளே, பேஸ்மென்ட்டில் (நிலவறையில்) வைப்பது

தொடர்மாடி வீட்டிலும் சிறிய தொட்டிக்கும் இதுவே சரி. இரவு வெப்பம் 5 டிகிரிக்குத் தொடர்ந்து இறங்கும்போது, டொராண்டோவில் அக்டோபர் நடுவில், உள்ளே எடுங்கள். 15 முதல் 20 டிகிரி உள்ள மூலை போதும். ஹீட்டர் பக்கமும் உலர்த்தும் இயந்திரத்தின் பக்கமும் வேண்டாம். அதன் அதிர்வு புழுவுக்கு ஆகாது.

50 லிட்டர் தொட்டிக்கு அரைக் கிலோ புழு, ஏறக்குறைய ஆயிரம் உருப்படி, கணக்கு. பிழிந்தால் இரண்டு சொட்டுத் தண்ணீர் வரும் அளவு ஈரத்தில் அட்டைத்துண்டுப் படுக்கை 20 சென்டிமீட்டர். தீனி நாளுக்கு 150 கிராமில் தொடங்கி, போட்டது மறைவதைப் பார்த்துக் கூட்டுங்கள். நம் வீட்டுச் சமையல் கழிவில் இரண்டை விலக்குங்கள்: உப்பும் எண்ணெயும் சேர்ந்த எச்சில், புளி பிழிந்த சக்கை. டீத்தூள், காய்த்தோல், பொடித்த முட்டை ஓடு எல்லாம் தாராளமாகப் போகலாம்.

குளிரிலிருந்து 21 டிகிரி அறைக்கு ஒரே நாளில் வந்த தொட்டியில் உள்சுவர் வியர்க்கும், புழு மூடிவரை ஏறும், சில தரைக்கே இறங்கும். கராஜில் இரண்டு நாள் வைத்துப் பிறகு உள்ளே கொண்டுவாருங்கள். முதல் இரண்டு இரவு தொட்டிக்குமேல் விளக்கு எரியட்டும். வெளிச்சம் புழுவை உள்ளேயே இருத்தும்.

விட்டுவிட்டு முட்டைக்கூட்டை நம்புவது

சோம்பேறி வழி என்று ஒதுக்கிவிட வேண்டாம். அக்டோபரில் தொட்டி உரத்தைத் தளர்வாகத் தோட்டத்துப் பாத்தியில் 10 சென்டிமீட்டர் கனத்துக்குப் போட்டு, மேலே 30 சென்டிமீட்டர் இலை மூடுங்கள். வளர்ந்த புழு பெரும்பாலும் போய்விடும், கூடுகளில் நல்ல பங்கு நிற்கும். மண் 10 டிகிரி தாண்டியபின் பொரிக்கத் தொடங்கும். ஒரு கூட்டில் சராசரி இரண்டு மூன்று குஞ்சு. கோடை வெப்பத்தில் இரண்டு மாதத்தில் அவை முட்டையிடும் வயதுக்கு வரும். ஆகஸ்டில் பழைய எண்ணிக்கை திரும்பிவிடும். அதுவரை சமையலறைக் கழிவுக்கு வேறு வழி பார்த்துக்கொள்ளவேண்டும் என்பதுதான் இதன் விலை.

தோட்டத்தில் தானே வாழும் புழுக்களுக்கு இன்னும் குறைவான வேலை. மண்ணை வெறுமனே விடாதீர்கள், 10 சென்டிமீட்டர் இலை மூடாக்கு போதும். நவம்பரில் கொத்திப் புரட்டாதீர்கள். இறங்கும் குழிகளை உடைத்து, கூடுகளைக் குளிருக்கு மேலே தூக்கிப் போடுகிறீர்கள். கொத்தியே ஆகவேண்டுமென்றால் செப்டம்பரிலேயே கொத்துங்கள்.

ஒரு வேலை மட்டும் செய்யாதீர்கள்: மிஞ்சிய புழுவைக் காட்டில் கொண்டுபோய் விடுவது. நம்மவர்களுக்கு மண்புழு என்றாலே உழவன் தோழன், எங்கே விட்டாலும் புண்ணியம். கடைசிப் பனியுகத்தில் கனடாவின் பெரும்பகுதி பனிப்பாளத்துக்கு அடியில் இருந்தது. அந்த நிலத்துக் காடுகள் பிறகு மண்புழு இல்லாமலே வளர்ந்தவை. இன்று அங்கே காணும் புழுக்களில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலிருந்து வந்து சேர்ந்தவை. காட்டுத்தரையின் கனத்த சருகுப்படுகையை அவை தின்றுதீர்க்க, அதில் முளைக்கவேண்டிய செடிகள் குறைகின்றன. மேலே சொன்ன உறைந்தெழும் டென்ட்ரோபீனாவும் அப்படிக் குடியேறியதுதான்.

ஊட்டியில்

நீலகிரியில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி உண்டு. தலைகுந்தா, காந்தல் பக்கம் காலையில் புல்வெளி வெள்ளையாக இருக்கும். ஆனால் இது கனடாக் குளிரின் சிறிய உருவம் இல்லை, வேறு வகை. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரையின் வெப்பம் நேராக வானத்துக்குப் போய்விடுகிறது. புல்நுனி உறையும்போது ஆள் உயரத்தில் காற்று இன்னும் 2, 3 டிகிரி இருக்கலாம். பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். மண் ஆழமாக உறைவதே இல்லை.

ஆகவே மண்புழுப் படுக்கைக்கு முதல் பாதுகாப்பு கூரைதான். தகரமோ ஓலையோ, வானம் படுக்கைக்குத் தெரியக்கூடாது. அதன் கீழே, படுக்கைமேல் ஈரச்சாக்கு, சாக்கின்மேல் 15 சென்டிமீட்டர் காய்ந்த சருகு. தேயிலை நாற்றையும் பூச்செடியையும் மூட எடுக்கும் தாகை, மிலார் போன்ற செடிகளையே இதற்கும் வெட்டிப் போடலாம். தரைக்குமேல் கட்டிய சிமென்ட் தொட்டி நான்கு பக்கமும் குளிரும், வெளிச்சுவரில் மண் அணைத்துவிடுங்கள்.

தண்ணீர் காலை 10 மணிக்குமேல் விடுங்கள், மாலையில் வேண்டாம். தேயிலைக்கும் புல்தரைக்கும் விடியற்காலை தெளிப்பான் போடுவதைப் பார்த்துவிட்டுப் படுக்கைக்கும் அடிக்கிறார்கள். இலைமேல் படிந்த பனியைக் கரைக்க அது உதவும். படுக்கைக்கோ அது வெறும் குளிர்ந்த நீர், சொதசொதப்பு. சமவெளிப் பண்ணையிலிருந்து ஆப்பிரிக்கப் புழு வாங்கி வராதீர்கள், குளிர்காலத்தில் அது தின்னாமல் கிடந்து மெலியும். மலைக்கு ஐசினியாதான்.

உறைந்துபோன தொட்டியைக் கண்டால்

சுடுநீர் ஊற்றாதீர்கள், கடப்பாரையால் உடைக்காதீர்கள். 3 முதல் 6 டிகிரி உள்ள இடத்துக்கு, கராஜ் என்றால் நல்லது, அப்படியே நகர்த்தி இரண்டு மூன்று நாள் விடுங்கள். நடுப்பகுதி உறையாமல் தப்பியிருந்தால் அங்கே ஒரு கட்டாகப் புழு சேர்ந்திருக்கும். அசைவில்லாமல் இருந்தாலும் தொட்டால் விறைப்பாக, நிறம் மாறாமல் இருப்பவை உயிரோடு இருக்கலாம். கொழகொழவென்று வெளுத்திருப்பவை செத்தவை. அவற்றை அன்றே பொறுக்கி எடுங்கள். மண்புழு உடம்பில் புரதம் அதிகம். விட்டால் அழுகி அம்மோனியா எழும், பிழைத்தவையும் போகும். பிறகு உலர்ந்த அட்டைத்துண்டு இரண்டு கைப்பிடி கலந்து, ஒரு வாரம் தீனி இல்லாமல் வையுங்கள்.

ஏப்ரலில் திறந்தால் நூல்போல வெள்ளைப் புழு கூட்டமாக நெளிந்து, குஞ்சு பொரித்துவிட்டது என்று மனசு துள்ளும். பெரும்பாலும் அவை வெண்புழுக்கள், என்கைட்ரேயிட் குடும்பம். குளிரிலும் புளித்த ஈரத்திலும் நன்றாகப் பெருகுகிறவை. ஒன்றை ஈரக் காகிதத்தில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஐசினியாக் குஞ்சு நூல் கனமே இருந்தாலும் நடுவில் சிவப்பு இரத்தக்குழாய் தெரியும், உடம்பு இளஞ்சிவப்பு. வெண்புழு தலைமுதல் வால்வரை வெள்ளை. சிவப்பு ஒன்றுகூட இல்லையென்றால் படுக்கையைக் கொட்டாதீர்கள். அட்டை சேர்த்துப் புளிப்பைக் குறைத்து, 15 டிகிரிக்குமேல் ஐந்தாறு வாரம் ஈரமாகவே வைத்திருங்கள். உள்ளே கூடு இருந்தால் அதற்குள் சிவப்பு தெரிந்துவிடும்.